இடப்பக்கம் போகும் கப்பல்

தாடிக்காரர் தம் வாழ்நாளில் ஒருமுறைகூட முகம் மழித்ததில்லை. ஆனால் பழம்பொருள் சந்தையில் அவர் விற்பது முழுக்கச் சவரக்கத்திகள்தான். மடக்கினால் கைப்பிடிக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும் அந்தக் காலத்து நீளக் கத்திகள். கேலி செய்ய யாராவது வாயெடுக்குமுன் அவரே முந்திக்கொள்வார். "ஏன், சர்க்கரை வியாதிக்காரன் மிட்டாய்க்கடை வைக்கக் கூடாதா?"

அவர் மேஜைக்குப் பக்கத்தில் ஒரு மடக்கு நாற்காலி. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அது பல்லம்மாவின் இடம். அவள் இல்லாமல் போனபிறகு அது மேஜைக்கடியில் மடங்கிக் கிடக்கிறது. கால் வலிக்கிறதென்று யாராவது அதை இழுத்தால், "அது உடைஞ்ச நாற்காலிங்க, உக்காந்தா விழுந்துடுவீங்க" என்று கண்ணிமைக்காமல் பொய் சொல்கிறார் தாடிக்காரர்.

பல்லம்மா என்பது சந்தை வைத்த பெயர். ஒரு பல் மருத்துவமனையின் பின்னறையில், ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்து பல்செட் செய்வது அவள் வேலை. வாரம் முழுக்க ஊரார் ஈறுகளின் அச்சுகள் அவள் முன்னால் வரிசையாக இருக்கும். தெருவில் யாராவது சிரித்தால் அவளுக்கு முகம் நினைவுக்கு வராது, பல் நினைவுக்கு வரும். "மேல் வரிசை நம்ம கைவேலைங்க" என்று கணவரிடம் கிசுகிசுப்பாள். அவரும் திரும்பிப் பார்த்து, தெரியாத மனிதருக்கு ஒரு வணக்கம் வைப்பார்.

கணவர் பூட்டுக்காரர். சாவி வெட்டுவது, திறக்காத பூட்டைத் திறப்பது, பித்தளைத் தகட்டில் வீட்டுக்காரர் பெயரை அமிலத்தால் பொறித்துக் கொடுப்பது எல்லாம் ஓர் அறைக் கடையில் நடக்கும். ஞாயிறுகளில் அந்தக் கடை மூடியிருக்கும். அவர் சந்தையில், மனைவியின் நாற்காலிக்குப் பின்னால், இரண்டு கையிலும் டீயோடு நின்றுகொண்டிருப்பார்.

கத்தி வாங்க வந்தவர்கள், வீட்டில் கிடந்ததைக் கொண்டுவந்தவர்கள் எல்லோரும் அதை முதலில் பல்லம்மா கையில்தான் கொடுப்பார்கள். ஒருநாள் ஒருவர் பட்டுத்துணியில் சுற்றிய கத்தியைக் குழந்தையைப் போல் ஏந்திவந்தார்.

"அம்மா, இது தந்தப் பிடி. எங்க முப்பாட்டனாருக்கு ராஜா கையால கொடுத்தது."

பல்லம்மா பிடியைச் சேலைத் தலைப்பில் சூடு பறக்கத் தேய்த்து அவர் மூக்கருகே நீட்டினாள். "மோந்து பாருங்க."

"கற்பூர வாசனை வருதே!"

"அப்ப இது செல்லுலாய்டு, கற்பூரம் கலந்த அந்தக் காலத்து பிளாஸ்டிக். தந்தத்துக்கு வாசனை வராது. அதுல மெல்லிசா வலை பின்னின மாதிரி கோடு ஓடும். ராஜா செல்லுலாய்டுதான் கொடுத்திருக்கார்."

வந்தவர் முகம் வாடிப்போயிற்று.

"ஆனா நல்ல மனசோட கொடுத்திருப்பார்" என்று சேர்த்துக்கொண்டாள். "இரும்பு அருமையான இரும்பு. பிடியை மட்டும் கழட்டித் தனியா வைங்க. அது கெட ஆரம்பிச்சா பக்கத்துல இருக்கிற கத்தியையும் துரு பிடிக்க வெச்சுடும்."

அவள் கத்தி பார்க்கும் விதமே ஒரு வேடிக்கை. முதலில் கழுத்தைப் பார்ப்பாள். அலகும் பிடியும் சேருகிற அந்தக் கட்டையான பாகத்தில்தான் செய்தவரின் முத்திரை இருக்கும். அங்கே ஊர்ப் பெயர் மட்டும் இருந்தால் கத்தி பழசு. நாட்டின் பெயரும் சேர்ந்திருந்தால் கப்பலேற்றி விற்க ஆரம்பித்த பிறகு செய்தது என்று ஒரு கணக்கு வைத்திருந்தாள். அப்புறம் வயிறு, அதாவது அலகின் கனம். ஆப்புப் போலக் கனத்திருந்தால் தாத்தா, இருபுறமும் ஒட்டிக் குழிந்திருந்தால் பேரன். கடைசியாக முதுகு. சாணைக்கல்லில் பட்டுப் பட்டு முதுகு ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால், "இந்த ஆள் தினம் லேட்டா எழுந்து அவசரமா தீட்டினவர்" என்பாள். கொண்டுவந்தவர், "எங்க பெரியப்பாவேதான்!" என்று வாயைப் பிளப்பார்.

இத்தனையும் முடிந்தபிறகு கத்தியை ஒருமுறை வெயிலில் சாய்ப்பாள். அலகின் தட்டையான பக்கத்தில் ஏதாவது படம் இருக்கிறதா என்று பார்ப்பாள். அந்த நேரத்தில் மட்டும் அவள் பேசமாட்டாள். பிறகு கத்தியை மடக்கித் திருப்பிக் கொடுத்துவிடுவாள். பூட்டுக்காரர் டீயை நீட்டுவார். அவர் கண்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

அதற்குக் காரணம் உண்டு. அவள் அப்பா இறந்தபோது, அவர் இருந்த ஒற்றை அறையைக் காலி செய்யும் பொறுப்பு மருமகனுக்கு வந்தது. யாரோ ஒருவருக்கு மறுநாள் திருமணம், முன்பல் இல்லாமல் நிற்கிறார் என்பதால் அவளால் வேலையை விட்டு வர முடியவில்லை. பூட்டுக்காரர் அறையைக் கூட்டிப் பெருக்கி, அலமாரி உச்சியிலிருந்த தகரப் பெட்டியைத் திறந்துகூடப் பார்க்காமல் பழைய சாமான் வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டு, வெற்றி வீரனாக வீடு திரும்பினார்.

"ஒரு குண்டூசி மிச்சமில்ல. சுத்தமா துடைச்சுட்டேன்."

"அப்பா கத்தி?"

"எந்தக் கத்தி?"

அதன்பிறகு அந்த வீட்டில் அந்தப் பேச்சு இல்லை. அவள் திட்டவில்லை. அதுதான் அவருக்குப் பெரிய தண்டனையாக இருந்தது. மறுவாரமே அவள் சந்தைக்குக் கிளம்பினாள். பழைய சாமான் வண்டியில் ஏறியது என்றாவது ஒருநாள் இங்கே வந்து இறங்கும் என்பது அவள் நம்பிக்கை. வண்டிக்காரனைத் தேடி அலைந்து ஓய்ந்த பூட்டுக்காரர், வாயை மூடிக்கொண்டு அவள் பின்னால் போனார்.

சிக்கல் என்னவென்றால், அவள் அந்தக் கத்தியைத் தொட்டதே இல்லை. சின்ன வயதில் கட்டிலில் போர்வைக்குள் சுருண்டபடி, முதுகைக் காட்டி நின்று சவரம் செய்யும் அப்பாவைப் பார்ப்பாள். சுவரில் ஒரு கண்ணாடி. பிடி அப்பாவின் கைக்குள் மறைந்திருக்கும். அலகு கன்னத்தில் இறங்கும்போது அதில் ஒரு கப்பல் தெரியும். மூன்று பாய்மரம் விரித்து, இடப்பக்கமாகப் போகிற கப்பல். நுரைக்கடலில் அது போவதைப் பார்த்துக்கொண்டே மறுபடி தூங்கிவிடுவாள். சவரம் முடிந்ததும் கத்தி அலமாரி உச்சிக்குப் போய்விடும். "கை வெச்சா விரல் போயிடும்" என்பது அப்பாவின் ஒரே எச்சரிக்கை.

சந்தையில் கப்பல் போட்ட கத்திகள் வராமலில்லை. ஒரு கம்பெனி அந்தப் படத்தை மூட்டை மூட்டையாகப் பொறித்துத் தள்ளியிருந்தது. ஆனால் எல்லாக் கப்பலும் வலப்பக்கம் போயிற்று.

"அக்கா, மூணு பாய்மரம். நீங்க சொன்ன மாதிரியே இருக்கு" என்று தாடிக்காரர் ஆவலோடு நீட்டுவார்.

"வலப்பக்கம் போகுது."

"ஒரு கப்பல்னா போகும் வரும்க்கா."

"எங்கப்பா கப்பல் இடப்பக்கம்தான் போகும்."

இப்படி வருடங்கள் ஓடின. அப்பாவின் கத்தி கிடைக்கவில்லை. அதைத் தேடப்போய் உலகத்துக் கத்தியெல்லாம் அவளுக்குப் பழக்கமாயிற்று.

ஒருநாள் மழை. சந்தை போடவில்லை. வீட்டில் பூட்டுக்காரர் பிளாஸ்டிக் ரேஸரால் முகத்தைச் சுரண்டிக்கொண்டிருக்க, அவள் வாசற்படியில் உட்கார்ந்து சொன்னாள்.

"என்னங்க, எனக்கு அப்பா மூஞ்சியே மறந்துட்டு வருது."

"போட்டோ இருக்கே?"

"அது ஆபீஸ் போட்டோ. அதுல அவர் யாரோ மாதிரி இருப்பார். கண்ணாடியில தெரிஞ்ச மூஞ்சி வர மாட்டேங்குது. கப்பல் மட்டும்தான் வருது. கத்தி கிடைச்சா கூடவே அவரும் வருவார்னு நெனச்சேன். இப்ப அந்தக் கப்பலும் கொஞ்சம் மங்கலாத்தான் இருக்கு."

மறுநாளே அவர் கடையில் புதிய வேலை ஒன்றைத் தொடங்கினார்.

தாடிக்காரரிடம் சொல்லி, பல்லம்மா வேண்டாமென்று ஒதுக்கிய கப்பல் கத்தி ஒன்றை வாங்கிவந்தார். வலப்பக்கம் போன கப்பலை மெருகேற்றும் பட்டைச் சக்கரத்தில் கொடுத்துத் தேய்த்து எடுத்தார். மேலே மெழுகை உருக்கிப் பூசி, ஊசியால் கீறி, அமிலம் ஊற்றினால் புதுக் கப்பல். பெயர்த்தகடு செய்கிறவருக்கு இது கைவந்த கலை என்றுதான் நினைத்தார். முதலில் உடைந்த அரிவாளில் பழகிப் பார்த்தார். கப்பல் வாத்து மாதிரி வந்தது. அடுத்து வந்தது செருப்பு மாதிரி. பூட்டு ரிப்பேருக்கு வந்தவர்களெல்லாம் கடை மூடியிருக்கிறதோ என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். கடைசியில் கத்தியிலேயே இறங்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, இடப்பக்கமாக ஒரு கப்பல் விட்டார். டீத்தண்ணீரும் சாம்பலும் தடவி அதற்கு வயதும் ஏற்றினார்.

அடுத்த ஞாயிறு தாடிக்காரர் நடித்தார். அவருக்கு நடிப்பு வராது.

"அக்கா, இந்தத் தட்டுல ஏதோ கத்தி ஒண்ணு தானா வந்து கிடக்கு. நான் பார்க்கவே இல்லை. கப்பல் படம் இருக்கான்னு எனக்குத் தெரியவே தெரியாது."

பல்லம்மா கழுத்தைப் பார்க்கவில்லை. முதுகையும் பார்க்கவில்லை. நேரே வெயிலில் சாய்த்தாள். இடுப்பில் செருகியிருந்த மடக்கு லென்ஸைக் கண்ணருகே கொண்டுபோனாள். லென்ஸ் மங்கிப்போயிற்று. துடைத்தாள், மறுபடி மங்கியது.

"வந்துடுச்சுங்க" என்றாள் கணவரிடம். டீ அவர் சட்டையில் கொட்டியது.

வீடு வந்ததும் அவள் ஒரே ஒரு வேலைதான் சொன்னாள். "கண்ணாடி முன்னாடி நின்னு இதுல ஷேவ் பண்ணுங்க. நான் கட்டில்ல உக்காந்து பாக்கறேன்."

"இதுலயா? நான் பிளாஸ்டிக்ல பண்ணினாலே ரெண்டு இடத்துல பிளாஸ்திரி போடறவன்!"

"நான் தீட்டியாச்சு. ரோமத்துல வெச்சாலே அறுந்துடுது."

"தொண்டையில வெச்சா?"

"தொண்டை வேண்டாம். கன்னம் போதும்."

மனைவி கையால் நுரை அப்பிக்கொண்டு, தாமே செய்த திருட்டுக் கத்தியைப் பிடித்தபடி பூட்டுக்காரர் நின்றார். அவள் கட்டிலில் ஏறிச் சுருண்டு, போர்வையைக்கூட இழுத்துக்கொண்டாள். கத்தி கன்னத்தில் மெல்ல இறங்கியது.

"நிறுத்துங்க."

"வெட்டிடுச்சா?"

"கப்பல் வலப்பக்கம் போகுது."

அவர் கத்தியைப் பார்த்தார். "இல்லையே, இடப்பக்கம்தானே போகுது?"

"உங்க கையில இடப்பக்கம் போகுது. கண்ணாடியில வலப்பக்கம் போகுது."

அவர் கன்னத்தில் நுரை மெல்ல உடைந்துகொண்டிருந்தது. பல்லம்மா போர்வையை விலக்கி எழுந்து உட்கார்ந்தாள். அவள் அப்பாவைப் பார்த்ததெல்லாம் முதுகுக்குப் பின்னாலிருந்து, கண்ணாடி வழியாகத்தான். கண்ணாடியில் இடப்பக்கம் போன கப்பல், கத்தியில் வலப்பக்கம்தான் போயிருக்க வேண்டும். ஊரில் யார் கொண்டுவந்த கத்தியையும் புரட்டிப் புரட்டிப் பார்த்தவள், தன் அப்பாவின் கத்தியைப் பற்றி மட்டும் ஒருதடவைகூடப் புரட்டி யோசிக்கவில்லை. எத்தனை கப்பலைத் திருப்பி அனுப்பியிருப்பாள்!

பிறகுதான் அடுத்த கேள்வி வந்தது.

"அப்ப இந்தக் கத்தியை யார் செஞ்சது?"

"கம்பெனிதான்" என்றார் அவர், சுவரைப் பார்த்து.

"எந்தக் கம்பெனியும் இடப்பக்கம் கப்பல் விட்டதில்ல. எனக்குத் தெரியாத கம்பெனி இல்ல. இங்க கொடுங்க."

ஜன்னலோரம் போய், இந்த முறை ஒழுங்காக, கழுத்திலிருந்து தொடங்கிப் பார்த்தாள். கழுத்து சரி. வயிறு சரி. கப்பலுக்குக் கீழே அலை. லென்ஸ் அங்கேயே நின்றது. சின்னதாக ஏறி, பெரிதாக இறங்கி, நுனியில் ஒரு சுழி போட்ட அலை. தெருவில் பாதி வீடுகளின் பெயர்த்தகட்டில், பெயருக்குக் கீழே ஓடுகிற அதே கோடு. இவர்கள் வீட்டு வாசலிலும் அது இருந்தது.

"என் காதுல பூ சுத்தியிருக்கீங்க."

நுரைக்கு நடுவில் பூட்டுக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. திருதிருவென்று விழித்தார். பிறகு, இத்தனை வருடமாகச் சொல்லாததைச் சொன்னார்.

"அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்திருக்கணும். திறக்கறதுதானே என் தொழிலே."

அவள் அழுவாளா, கத்தியை வீசுவாளா என்று அவருக்குத் தெரியவில்லை. அவள் லென்ஸை மடக்கினாள்.

"இந்தக் கப்பலுக்கு முன்னாடி இதுல என்ன இருந்தது?"

"வலப்பக்கம் போற கப்பல்."

"அதைத் தேய்ச்சு அழிச்சீங்களா?"

"ஆமா."

"அது எங்கப்பாவோடதா இருந்திருந்தா?"

பூட்டுக்காரர் பொத்தென்று கட்டிலில் உட்கார்ந்தார். போர்வையெல்லாம் நுரை.

"அப்ப ரெண்டாவது தடவையும் நீங்கதான் தொலைச்சது" என்றாள் அவள். சொல்லி முடிக்குமுன் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. அவரும் சிரிக்கலாமா என்று அனுமதி கேட்பதுபோல அவள் முகத்தையே பார்த்தார்.

அடுத்த ஞாயிறு இருவரும் போனபோது தாடிக்காரர் மேஜைக்கடியில் ஒளிய இடம் தேடினார். விஷயம் அவருக்குப் போய்விட்டிருந்தது.

"அக்கா, அண்ணன் அழுத மாதிரி கேட்டார். எனக்கு மனசு கேக்கல."

"அதை விடுங்க. கப்பல் போட்டது எத்தனை இருக்கு? எடுங்க."

மூன்று இருந்தன. மூன்றும் வலப்பக்கம். பல்லம்மா ஒவ்வொன்றாக விரித்தாள். ஒன்றின் பிடி கொம்பு, ஒன்று எலும்பு, ஒன்று பிற்காலத்தில் மாற்றியது. எந்தக் காலம், எந்தக் கல்லில் தீட்டியது, தீட்டினவர் பொறுமைசாலியா என்பதெல்லாம் சொல்லிவிட்டாள். யாருடையது என்று சொல்ல முடியவில்லை. இந்த மூன்றில் ஒன்றா, தேய்த்து அழித்ததா, எங்கோ ஒரு கிடங்கில் இன்னும் துருப்பிடித்துக்கொண்டிருப்பதா? கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

பிறகு அக்கம்பக்கம் பார்த்தாள். எதிர்க்கடையில் ஆளுயரக் கண்ணாடி பதித்த பழைய மேஜை ஒன்று விலைக்கு நின்றது.

"என்னங்க, இதுல ஒண்ணைப் பிடிச்சுக்கிட்டு அந்தக் கண்ணாடி முன்னாடி நில்லுங்க."

"இங்கயா? நடுச்சந்தையிலயா?"

"நடு வீட்டுல திருட்டுக் கத்தியோட நின்னீங்கல்ல?"

அவர் நின்றார். எதிர்க்கடைக்காரர், "மேஜை வாங்கறீங்களா, இல்ல சவரம் மட்டும்தானா?" என்று கேட்டார். நாலு பேர் கூடிவிட்டார்கள். பல்லம்மா பின்னால் கிடந்த ஒரு டிரங்குப் பெட்டியில் உட்கார்ந்து, கண்ணாடியைப் பார்த்தாள். பூட்டுக்காரர் வெற்றுக் கன்னத்தில் கத்தியின் முதுகை வைத்து, பயந்து பயந்து இறக்கினார்.

கப்பல் இடப்பக்கம் போயிற்று.

கூடவே வேறொன்றும் வந்தது. கன்னத்தை உள்ளேயிருந்து நாக்கால் தள்ளிக்கொண்டு, ஒரு கண்ணைச் சுருக்கி, பின்னால் போர்வைக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும் குட்டியை அந்தக் கண்ணாடியிலேயே கண்டுபிடித்து, அவளுக்காகப் பல்லைக் காட்டிப் பூச்சாண்டி காட்டும் முகம். மீசையிருக்கும் இடத்தில் நுரை. மேல் வரிசை நடுவில் ஒரு சின்ன இடைவெளி.

"எது வேணும்க்கா?" தாடிக்காரர் குனிந்து மெதுவாகக் கேட்டார். "மூணையும் எடுத்துக்குங்க."

"எதுவும் வேண்டாம். எடுத்து உள்ள வைங்க." அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "கொம்புப் பிடிக்கு மட்டும் எண்ணெய் போடுங்க, வெடிக்கப் போகுது."

அதற்குள் யாரோ ஒருவர் காகிதத்தில் சுற்றிய கத்தியோடு வந்து அவள் முன்னால் நின்றார். வழக்கம்போலக் கழுத்திலிருந்து ஆரம்பித்தாள். வழக்கத்துக்கு மாறாக, கடைசிவரை பேசிக்கொண்டே பார்த்தாள்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் பூட்டுக்காரர் பொறுக்கமாட்டாமல் கேட்டார்.

"என்ன தெரிஞ்சது உனக்கு அதுல?"

"அப்பாவுக்கு முன்பல்லுல ஒரு இடைவெளி."

"நல்லா யோசிச்சுக்கோ. கண்ணாடியில பாத்தது. இடப்பக்கமா வலப்பக்கமா?"

"நடுவுலங்க" என்றாள் பல்லம்மா. "எப்படித் திருப்பினாலும் நடுவுலதான்."